பிள்ளையார் பிடிக்கிறதுக்கு முன்னாடி

ப்ளெண்டரை இன்ஸ்டால் பண்ணி ஸ்கல்ப்ட் மோடுக்குப் போனதும் நம்மில் பலர் முதல்ல செய்ய நினைப்பது ஒரு முகம். நானும் அதைத்தான் செஞ்சேன். மூணு ராத்திரி கழிச்சு ஸ்கிரீன்ல இருந்தது, மூக்கு ஒட்டின ஒரு உருளைக்கிழங்கு. பிள்ளையார் பிடிக்கப் போய் குரங்கா முடிஞ்சிருந்தாக்கூட பரவாயில்லை. அன்இன்ஸ்டால் பண்ணிட்டேன்.

திரும்ப ஆரம்பிக்க ஒரு வருஷம் ஆச்சு. அந்த ஒரு வருஷம் உங்களுக்கும் வீணாகக் கூடாதுன்னுதான் இந்தக் கட்டுரை.

முகத்தை நாம் பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். ஒரு கண் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் மூளை உடனே சொல்லிடும். ஆனா தப்பு பிரஷ்ஷைப் பிடிச்ச விதத்திலா, மண்டையோட்டின் அமைப்பு தெரியாததாலயா என்று சொல்லாது. லேப்ல சர்க்யூட் வேலை செய்யலைன்னா ஒரு நேரத்தில் ஒரு பாகத்தைத்தானே மாத்திப் பார்ப்போம்? இங்கேயும் அதையே செய்யுங்க. உடற்கூறை ஓரமா வச்சிட்டு, எதைப் போலவும் இல்லாத அருவ வடிவங்களில் ஆரம்பிங்க. வீட்டில் மஞ்சளைக் குழைச்சுப் பிடிச்சு வைக்கிற பிள்ளையாருக்குத் தும்பிக்கையா இருக்கு? அருவச் சிற்பம் நமக்குப் புதுசில்லை.

"எதைப் போலவும் இல்லைன்னா, சரியா தப்பான்னு எப்படித் தெரியும்?" நியாயமான கேள்வி. அதனால ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு விதி வச்சுக்கணும். விதி இல்லாம இழுத்தா அது கிறுக்கல்தான்.

பயிற்சி 1: ஒரே பிரஷ்

ஃபைல் மெனுவில் நியூ, அதில் ஸ்கல்ப்டிங். ஒரு உருண்டை வரும். எக்ஸ் சிமெட்ரியை அணைச்சிடுங்க. கிராப் பிரஷ் மட்டும், பத்து நிமிஷம். விதி: "பாரம்" என்ற ஒரு சொல். வடிவத்தைப் பார்க்கிறவருக்கு அது கனமா தோணணும். எஃப் அழுத்தினா பிரஷ் அளவு மாறும், ஷிஃப்ட் எஃப் அழுத்தினா அதன் வலிமை மாறும். சின்ன பிரஷ்ஷால் இழுத்தா மேடும் பள்ளமும்தான் வரும், பெரிய பிரஷ்தான் உருவத்தையே நகர்த்தும்னு இங்கேயே புரிஞ்சிடும். என் உருளைக்கிழங்கு முகத்தின் முதல் தப்பு அதுதான்.

பயிற்சி 2: சேர், குடை, தேய்

இப்போ கிளே ஸ்டிரிப்ஸ். அப்படியே இழுத்தா மண் சேரும்; கன்ட்ரோலைப் பிடிச்சுக்கிட்டு இழுத்தா குடையும்; ஷிஃப்டைப் பிடிச்சா வழவழப்பாகும். விதி: ஒரு பக்கம் கூர்மையான விளிம்பு, மறுபக்கம் மெல்ல மறையும் வளைவு. கடைசியில் லைட்டிங்கை ஃப்ளாட்டுக்கு மாத்துங்க. நிழல் எல்லாம் போய் வெளிக்கோடு மட்டும் நிற்கும். அப்பவும் பார்க்கத் தோணுதா? அதுதான் தேர்வு.

பயிற்சி 3: ஒரு ஓட்டை

பிரிட்டிஷ் சிற்பி பார்பரா ஹெப்வொர்த் 1932ல் அலபாஸ்டர் கல்லில் ஒரு வடிவம் செதுக்கி, அதன் நடுவே ஓட்டை போட்டார். வெற்றிடமும் சிற்பத்தின் பகுதியானது. அதையே நீங்க செய்து பாருங்க. எவ்வளவு ஆழமா அழுத்தினாலும் ஓட்டை விழாது! சாதாரண பிரஷ் புள்ளிகளை நகர்த்தும், அவ்வளவுதான். எந்தப் புள்ளி எதோடு இணைஞ்சிருக்கு என்பதை அது தொடாது. டோபாலஜின்னு சொல்றது இதைத்தான்.

வழி இருக்கு. ஸ்னேக் ஹூக் பிரஷ்ஷால் ஒரு கையை வெளியே இழுங்க. வளைச்சு, நுனியை மறுபடியும் உடம்புக்குள்ளேயே சொருகுங்க. அப்புறம் கன்ட்ரோல் ஆர். வாக்ஸல் ரீமெஷ் ஓடி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருப்பதை ஒரே பரப்பா ஒட்டிடும். காபி கப்பின் காது மாதிரி ஓட்டை கிடைக்கும். இழுத்ததில் நீண்டுபோன கட்டங்களும் சம அளவாகும்.

எச்சரிக்கை: வாக்ஸல் அளவைப் பாதியாக்கினா கட்டங்கள் ஏறக்குறைய 4 மடங்காகும், பத்தில் ஒன்றாக்கினா சுமார் 100 மடங்கு. ஃபைலை சேவ் பண்ணாம அளவைக் குறைச்சு லேப்டாப்பை உறைய வச்ச அனுபவம் எனக்கு உண்டு. பெரிய அளவில் தொடங்குங்க. நுணுக்க வேலைகளைக் கடைசிக்கு வையுங்க, ஏன்னா ரீமெஷ் வாக்ஸலைவிடச் சின்ன விவரங்களை அழிச்சிடும்.

ஒவ்வொரு பயிற்சியையும் மூணு தடவை, ஒவ்வொண்ணும் புது உருண்டையில். எதையும் டெலீட் பண்ணாதீங்க. முதலாவதையும் கடைசியையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா கை எவ்வளவு பழகியிருக்குன்னு தெரியும்.

அப்புறம் முகத்துக்குத் திரும்பிப் போங்க. நானும் போனேன். இன்னும் மூக்கு சரியா வரலை. ஆனா இந்தத் தடவை தப்பு எங்கேன்னு தெரியுது: எனக்கு மூக்கைப் பத்தித்தான் தெரியலை, பிரஷ்ஷைப் பத்தித் தெரியும். ப்ளெண்டர் இன்னும் லேப்டாப்பிலேயே இருக்கு.