அறிவியல் மையத்துக்குப் பிள்ளைகளோடு போகிறீர்களா?

கண்ணில் பட்ட பட்டனையெல்லாம் அமுக்கிவிட்டு அடுத்ததற்கு ஓடுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். சென்னை கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையத்துக்குப் போகும்போது இவற்றைச் செய்து பாருங்கள்:

1. நுழைந்ததும் பிர்லா கோளரங்கக் காட்சி நேரத்தை விசாரியுங்கள். தமிழ், ஆங்கிலக் காட்சிகள் தனித்தனி. தவறவிட்டால் காத்திருக்க நேரும்.

2. திறந்தவெளிப் பூங்காவைக் காலையிலேயே முடியுங்கள். உச்சி வெயிலில் இரும்புச் சாதனங்கள் கையைச் சுடும்.

3. பட்டனை அமுக்கும் முன், "என்ன நடக்கும், சொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஊகித்த பிள்ளை விடை தெரியாமல் நகராது.

4. குழியாடி (உட்குழிந்த கண்ணாடி) முன் நிறுத்தி, மெல்லப் பின்னால் நடக்கவிடுங்கள். கிட்டத்தில் நேராகத் தெரியும் முகம், தள்ளிப் போனதும் தலைகீழாகும்.

5. விளக்கப் பலகையை முதலிலேயே வாசித்துக் காட்டாதீர்கள். தானே கண்டுபிடித்ததுதான் மனதில் நிற்கும்.

6. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள். களைத்த பிள்ளைக்கு எதுவும் ஏறாது.

7. மறுநாள் பளபளப்பான எவர்சில்வர் கரண்டியின் உட்புறத்தில் முகம் பார்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஒரு குழியாடிதான்; அறிவியல் அடுக்களையிலும் இருப்பது புரியும்.