நீர் இறைக்கும் காற்றாலை: இறக்கை அமைப்பை அறிந்து வாங்குவீர்

பாலக்காட்டுக் கணவாய், செங்கோட்டைக் கணவாய், ஆரல்வாய்மொழிக் கணவாய் ஆகியவற்றின் வழியே வீசும் காற்றைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் காற்றாலைகளை விவசாயிகள் நன்கு அறிவர். அவற்றில் மூன்று இறக்கைகளே உள்ளன. கிணற்று நீரை இறைக்கும் காற்றாலையிலோ பன்னிரண்டு, பதினெட்டு என்று இறக்கைகள் நெருக்கமாக அமைந்திருக்கும். இந்த வேறுபாட்டின் காரணத்தை அறியாமல் மூன்று இறக்கைச் சுழலியைக் கிணற்றுப் பம்பில் பூட்டினால் பணம் விரயமாகும். ஆகவே காற்றாலை வாங்க எண்ணுவோர் இறக்கையின் தன்மையை அறிந்துகொள்வது அவசியம்.

காற்றில் உள்ள சக்தி

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் சக்தி எட்டு மடங்காகும். சுழலும் சக்கரத்தின் விட்டம் இரண்டு மடங்கானால் கிடைக்கும் சக்தி நான்கு மடங்காகும். இறக்கைகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் சக்தி அதே விகிதத்தில் கூடுவதில்லை.

காற்றிலுள்ள சக்தி முழுவதையும் எந்தச் சக்கரத்தாலும் எடுக்க இயலாது. வாய்க்காலை முழுவதும் அடைத்தால் நீர் வேறு வழியில் பாய்வது போல, காற்றை முழுவதும் தடுத்தால் அது சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். 59.3 சதவீதமே உச்ச வரம்பு என்று ஜெர்மானிய அறிஞர் ஆல்பர்ட் பெட்ஸ் 1919-ல் நிறுவினார். இதற்கு மேல் தருவதாகக் கூறும் விளம்பரத்தை நம்ப வேண்டாம்.

வளைவும் முறுக்கும்

காற்று வெறுமனே தள்ளுவதால் மட்டும் இறக்கை சுழல்வதில்லை. வளைந்த தகட்டின் புடைத்த பக்கத்தில் காற்று விரைந்து செல்வதால் அங்கு அழுத்தம் குறைகிறது. இறக்கை அப்பக்கமாக இழுக்கப்படுகிறது. தகட்டின் அகலத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு அளவு வளைவு இருத்தல் நலம். தட்டையான தகட்டில் இழுவிசை குறையும்.

பக்கக் காற்றடிக்கும்போது சைக்கிளில் விரைந்து செல்பவருக்கு அக்காற்று எதிரே இருந்து வீசுவதாகத் தோன்றும். சுழலும் இறக்கையின் நிலையும் இதுவே. இறக்கையின் அடிப்பகுதி மெதுவாகவும் நுனி விரைவாகவும் செல்வதால் காற்று படும் கோணம் இடத்திற்கு இடம் மாறுகிறது. எனவே அடியில் அதிகச் சாய்வும் நுனியில் குறைந்த சாய்வும் இருக்குமாறு இறக்கை முறுக்கப்படுகிறது.

அமெரிக்காவில் தாமஸ் பெர்ரி என்ற பொறியாளர் 1882-83-ல் ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தினார். வளைந்த எஃகுத் தகட்டுச் சக்கரம் பழைய மரப்பலகைச் சக்கரத்தைவிட மிகத் திறமையானது என்று அவர் கண்டார். 1888-ல் விற்பனைக்கு வந்த ஏர்மோட்டார் காற்றாலை இச்சோதனைகளின் பயனே ஆகும்.

மூன்றா, பன்னிரண்டா?

மின் உற்பத்திக்கு வேகம் தேவை. மூன்று இறக்கைச் சுழலியின் நுனி, காற்றைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு வேகத்தில் செல்கிறது. ஆனால் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் இழுவிசை அதற்குக் குறைவு.

கிணற்றில் உள்ள பிஸ்டன் பம்போ, ஒவ்வொரு முறை மேலெழும்போதும் குழாயிலுள்ள நீர் முழுவதையும் தூக்க வேண்டும். அவ்வேளையில் சராசரியைப்போல் மூன்று மடங்கு விசை தேவைப்படும். நெருக்கமான பல இறக்கைகளே மெல்லிய காற்றிலும் இந்த விசையைத் தரும். இவற்றின் நுனி காற்றைப்போல் ஒன்று முதல் இரண்டு மடங்கு வேகத்தில்தான் செல்லும். ஏர் மாட்டுக்கும் பந்தயக் குதிரைக்கும் உள்ள வேறுபாடே இது. 1980-களில் நம் நாட்டில் செயல்விளக்கமாக நிறுவப்பட்ட 12பியு500 காற்றாலையில் 12 இறக்கைகளும் 5 மீட்டர் விட்டமும் இருந்தன.

எவ்வளவு நீர் கிடைக்கும்?

5 மீட்டர் விட்டமுள்ள காற்றாலை 10 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கக்கூடிய நீரின் உத்தேச அளவு வருமாறு:

சராசரிக் காற்று வினாடிக்கு 3 மீட்டர் – மணிக்கு 1,900 லிட்டர்
சராசரிக் காற்று வினாடிக்கு 4 மீட்டர் – மணிக்கு 4,600 லிட்டர்
சராசரிக் காற்று வினாடிக்கு 5 மீட்டர் – மணிக்கு 9,000 லிட்டர்

ஆழம் 20 மீட்டரானால் நீர் பாதியாகும். ஓர் ஏக்கருக்கு 5 செ.மீ. உயரம் நீர் பாய்ச்ச சுமார் 2 லட்சம் லிட்டர் தேவை. 4 மீட்டர் காற்றில் இரவு பகலாக ஓடினால் 10 மீட்டர் ஆழக் கிணற்றிலிருந்து இதை இரண்டு நாட்களில் இறைக்கலாம். 3 மீட்டர் காற்றில் நான்கு நாட்களுக்கு மேலாகும். எனவே இது 5 குதிரைத்திறன் பம்புசெட்டுக்கு ஈடாகாது. காய்கறித் தோட்டம், நாற்றங்கால், கால்நடைகளின் குடிநீர் ஆகியவற்றிற்கே ஏற்றது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அந்தக் காற்றை மட்டும் வைத்துக் கணக்கிடக் கூடாது. பயிருக்கு நீர் மிகவும் தேவைப்படும் மாதத்தில் வீசும் காற்றையே கணக்கில் கொள்ள வேண்டும். அம்மாதத்தில் சராசரி 3 மீட்டருக்கும் குறைவாக இருப்பின் சூரிய சக்திப் பம்பே சிக்கனமானது.

கவனிக்க வேண்டியவை

1. சுமார் 100 மீட்டர் தொலைவிற்குள் உள்ள மரம், கட்டிடம் ஆகியவற்றைவிடச் சக்கரத்தின் கீழ்விளிம்பு 9 மீட்டராவது உயர்ந்திருக்க வேண்டும். தென்னந்தோப்பை ஒட்டி நிறுவினால் பயனில்லை.

2. இறக்கைகள் எல்லாம் ஒரே எடையில் இருக்க வேண்டும். எடை மாறினால் சக்கரம் அதிர்ந்து அச்சும் கோபுரமும் பழுதாகும். ஓர் இறக்கையை மாற்றும்போதும் எடை பார்க்க வேண்டும்.

3. புயற்காற்றில் சக்கரம் தானே பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும் வால் அமைப்பு இல்லாத காற்றாலையை வாங்கக் கூடாது.

4. இரவில் இறைக்கும் நீர் வீணாகாமல் இருக்க, ஒரு நாள் நீரையேனும் கொள்ளும் தொட்டி தேவை.

5. திருகாணிகளின் இறுக்கம், துரு, கிரீஸ் ஆகியவற்றைப் பருவக்காற்று தொடங்கும் முன் சோதிக்க வேண்டும். சக்கரத்தைக் கட்டி நிறுத்திய பின்னரே கோபுரத்தில் ஏற வேண்டும்.

முன்பணம் கொடுக்கும் முன் கிணற்றின் ஆழம், மாத வாரியான காற்றின் வேகம், தேவையான நீர் ஆகிய மூன்றையும் தாளில் எழுதிக் கணக்கிடுங்கள். காற்றாலை விற்பவரிடம், "எத்தனை இறக்கை?" என்று கேட்பதோடு நிற்காமல், "என் கிணற்றின் ஆழத்தில், இந்தக் காற்றில், மணிக்கு எத்தனை லிட்டர்?" என்று கேட்டு எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.