மரபணுத் தரவுகளை இணையத்தில் ஆராய்தல்: சில அடிப்படைகள்

மைசூரின் மண்டி மொஹல்லா தன் பெயரிலேயே சந்தையைத் தாங்கி நிற்கிறது. இரண்டு மண்டிகளின் வரத்தை ஒப்பிடப் புகுபவர், இரண்டிலும் எடைக்கற்கள் ஒன்றுதானா என்று முதலில் பார்ப்பார். மைக்ரோ அர்ரே எனப்படும் நுண்வரிசைத் தகடு தரும் எண்களை ஆராய்பவருக்கும் இதுவே முதல் வேலையாகும்.

இத்தகட்டில் பல்லாயிரம் மரபணுக்களுக்குரிய டி.என்.ஏ. துணுக்குகள் புள்ளிகளாகப் பதிக்கப்பட்டிருக்கும். திசுவிலிருந்து எடுத்த ஆர்.என்.ஏ.வின் படிகளுக்கு ஒளிரும் சாயமேற்றிப் பரப்பினால், அவை தத்தம் இணைத் துணுக்குகளுடன் சேரும். எந்தப் புள்ளி மிகுதியாக ஒளிர்கிறதோ, அதற்குரிய மரபணு மிகுதியாகச் செயற்பட்டதெனக் கொள்வர். 1995-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 45 தாவர மரபணுக்களைக் கொண்டு இம்முறையை விளக்கினர்.

ஆய்வுக்கூட வசதியற்ற கல்லூரி மாணவரும் இன்று இத்தகைய தரவுகளை ஆராய இயலும். அமெரிக்காவில் 2000-இல் தொடங்கப்பட்ட 'ஜியோ' களஞ்சியத்தில் அவை விலையின்றிக் கிடைக்கின்றன. அதனுடன் இணைந்த 'ஜியோ2ஆர்' மென்பொருளிடம் நோயுற்றோர் மாதிரிகள் எவை, நலமுடையோர் மாதிரிகள் எவை என்று பிரித்துக் காட்டினால், வேறுபடும் மரபணுக்களின் பட்டியல் சில நிமிடங்களில் வந்துவிடும். பட்டியலுக்கு முன்னர்ப் பெட்டி வரைபடத்தைக் காண வேண்டும். மாதிரிகளின் நடுக்கோடுகள் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் இல்லையெனில் எடைக்கற்கள் வேறு என்று பொருள்.

எண்கள் 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கையில் தரப்படும். விலைக் குறியீட்டெண்களோடு பழகியோர் இதன் நயத்தை உணர்வர்: 100 ரூபாய் 200 ஆனால் நூறு விழுக்காடு உயர்வு, அதுவே 100-க்குத் திரும்பினால் ஐம்பது விழுக்காடு வீழ்ச்சி. மடக்கையில் முன்னது +1, பின்னது −1.

மிகப் பெரிய பொறி வேறிடத்தில் உள்ளது. நூற்றுக்கு ஐந்து தவறை அனுமதித்து 20,000 மரபணுக்களைச் சோதித்தால், உண்மையில் வேறுபாடே இல்லாதபோதும் சுமார் 1,000 மரபணுக்கள் வேறுபடுவதாகத் தோன்றும். ஆகவே திருத்தப்பட்ட நிகழ்தகவையே நோக்க வேண்டும். பெஞ்சமினி, ஹாக்பெர்க் ஆகியோர் 1995-இல் வகுத்த முறையே இதற்குப் பெரிதும் வழங்குகிறது.

டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியான, புற்றுநோய் மருந்துத் தேர்வுக்கான மரபணுப் பட்டியல்கள் சிலவற்றில் பெயர்கள் ஒரு வரிசை தள்ளிப் பதிவாகியிருந்ததை பேகர்லி, கூம்ப்ஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டினர். கணிப்பொறி எத்தடையும் சொல்லவில்லை. அவ்வாய்வுகளை நம்பி நோயாளிகளிடம் நடந்துவந்த மருத்துவச் சோதனைகள் 2010-இல் கைவிடப்பட்டன. தரவுகளில் வேறு முறைகேடுகள் இருந்ததும் பின்னர் வெளிப்பட்டது.