ஊர் திரும்புகிறீர்களா? முதல் மூன்று மாதம் முக்கியம்

ஊர் திரும்பும் வேலை வெளிநாட்டில் இருக்கும்போதே தொடங்கிவிடுகிறது. மான்செஸ்டரிலோ மியூனிக்கிலோ அறையைக் காலி செய்யும் கடைசி வாரத்தில் எல்லோருக்கும் பெட்டியின் எடைதான் கவலை. அதைவிட அவசரமானவை காகிதங்கள். முத்திரையிட்ட மதிப்பெண் பட்டியல், பாடத்திட்ட விவரம், பகுதிநேர வேலை பார்த்த இடத்தின் அனுபவச் சான்று, சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் கையோடு வாங்கிவிடுங்கள். சென்னைக்கு வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்க மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். பல்கலைக்கழகம் தந்த மின்னஞ்சல் முகவரியைப் பெரும்பாலும் படிப்பு முடிந்த சில மாதங்களில் மூடிவிடுவார்கள். அதிலிருக்கும் கடிதங்களை முன்கூட்டியே சொந்த முகவரிக்கு மாற்றுங்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் நகராட்சி அலுவலகத்தில் முகவரிப் பதிவை நீக்கி, அதற்கான ‘அப்மெல்டுங்’ சான்றையும் வாங்க வேண்டும். காப்பீடு, கைபேசி ஒப்பந்தம் ஆகியவற்றை முடிக்கும்போது அந்தத் தாளைத்தான் கேட்பார்கள். ஆய்வை வழிநடத்திய பேராசிரியரை நேரில் பார்த்து, பரிந்துரைக்கு அவர் பெயரைத் தரலாமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது பயோடேட்டா. நல்ல மாணவர்கள்கூட இதில் சறுக்குவது மதிப்பெண் வரியில்தான். பிரிட்டனில் முதுகலைக்கு 70 சதவீதம் எடுத்தால் டிஸ்டிங்ஷன், 60 எடுத்தால் மெரிட், 50 எடுத்தால் தேர்ச்சி. பிளஸ் டூவில் 95 பார்த்துப் பழகிய நம் ஊர் எச்.ஆர். கண்ணுக்கு 68 சுமாராகத்தான் தெரியும். ஜெர்மனியில் 1.0 உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி. சிஜிபிஏவைப் பத்துக்குப் போடும் ஊரில் 1.7 என்று மொட்டையாக எழுதினால் விண்ணப்பம் முதல் சுற்றிலேயே போய்விடும். பிரான்சில் இருபதுக்கு 16 வாங்குவது பெரிய விஷயம் என்பதும் இங்கே பலருக்குத் தெரியாது. அதனால் மதிப்பெண்ணோடு அளவுகோலையும் எழுதுங்கள்: “1.7, அந்நாட்டு அளவில் 1.0 உச்சம், 4.0 தேர்ச்சி.” நீங்களாகக் கணக்குப் போட்டுச் சதவீதமாக மாற்றாதீர்கள். சரிபார்ப்பின்போது சான்றிதழில் வேறு எண் இருந்தால் பொய் சொன்னதாக ஆகிவிடும்.

சுற்றிப் பார்த்த நாடுகளின் பட்டியல் பயோடேட்டாவில் வேண்டாம். பயணம் உங்களை வளர்த்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் வேலை தருபவருக்கு அது தகுதியாகத் தெரியாது. மொழி அப்படியில்லை. பி1 அளவு ஜெர்மன் பேச வருமென்றால், அது மறப்பதற்குள் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் தேர்வெழுதிச் சான்று வாங்கிவிடுங்கள்.

தனியார் நிறுவனத்துக்குப் பெரும்பாலும் பட்டமே போதும். அரசுப் பணி, கல்லூரி ஆசிரியர் பணி, முனைவர் ஆய்வு என்றால், வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்துக்கு இணையானது என்று காட்டும் சமநிலைச் சான்று தேவைப்படும். இதைப் பல காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கிவந்தது. 2025 ஏப்ரலில் யுஜிசி இதற்கெனத் தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. பிரிட்டனின் ஓராண்டு முதுகலையை ஏற்பது பற்றி இரு நாடுகளும் 2022 ஜூலையில் ஒப்பந்தம் செய்தன. பொறியியல், மருத்துவம், சட்டம் போன்ற தொழில்படிப்புகள் அதில் அடங்காது. விண்ணப்பத்துக்கு முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி: “ஏன் திரும்பி வந்தீர்கள்?” விசா முடிந்தது, அங்கே வேலை அமையவில்லை என்பதே உண்மையாக இருந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு வரியில் சொல்லிவிட்டு, படிப்பில் செய்த ஒரு திட்டத்துக்கு நேராகப் போய்விடுங்கள். என்ன சிக்கல், நீங்கள் செய்தது என்ன, கிடைத்த பலன் என்ன என்று ஐந்து நிமிடம் பேசும் அளவுக்குத் தயாராக இருங்கள். நீளமாகக் காரணம் சொல்லத் தொடங்கினால்தான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். “அங்கெல்லாம் இப்படிக் கிடையாது” என்ற வாக்கியத்தை நேர்காணலிலும் சரி, வேலையில் சேர்ந்த முதல் ஆறு மாதத்திலும் சரி, வாயில் வரவிடாதீர்கள்.

சம்பளத்தைப் பவுண்டிலும் யூரோவிலும் பெருக்கிப் பார்த்து மனம் நோவது வீண். அதே வேலைக்கு சென்னையிலும் கோவையிலும் என்ன தருகிறார்கள் என்பதை அங்கே வேலை பார்க்கும் சீனியர்களிடம் விசாரியுங்கள். நீங்கள் படித்த நாட்டு நிறுவனங்களின் இங்குள்ள கிளைகளில் முதலில் முயல்வது என் பரிந்துரை. ஒரகடத்தில் டெய்ம்லர், கோவையில் பாஷ், சென்னையில் ஆஸ்ட்ராஜெனெகா என்று பல இருக்கின்றன. அந்த நாட்டுப் பட்டத்தின் மதிப்பு அவர்களுக்கும், அந்த நாட்டவர் பேசும் முறை உங்களுக்கும் தெரியும். அந்தப் பழக்கத்துக்கு அங்கே விலை உண்டு.

பணக் கணக்கை ஒத்திப்போடாதீர்கள். கல்விக்கடனுக்குப் பல வங்கிகள் படிப்பு முடிந்து ஆறு மாதமோ ஓராண்டோதான் அவகாசம் தருகின்றன. அதுவரையிலான வட்டியும் ஏறிக்கொண்டேயிருக்கும். வேலை தாமதமானால் தவணை தொடங்குவதற்கு முன்பே கிளை மேலாளரைப் பாருங்கள். தவணை தவறினால் சிபில் மதிப்பெண் விழும், கடனுக்குக் கூட்டுக் கையெழுத்துப் போட்ட அப்பாவுக்கும் சேர்த்து. என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்கு வைத்திருந்தவர்கள் ஊர் திரும்பிவிட்டதை வங்கிக்குச் சொல்லியாக வேண்டும்.

இவ்வளவுக்கும் நடுவில் மனம் சோரும். வெளிநாடு போனபோது வந்த திணறல், திரும்பி வந்ததும் இன்னொரு முறை வரும் என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் 1963-லேயே எழுதியிருக்கிறார்கள். தனியாக வாழ்ந்து பழகியவருக்குச் சொந்த வீடே சில வாரம் நெருக்கடியாகத் தோன்றும். நண்பர்கள் வேறு ஊர்களுக்குப் போயிருப்பார்கள். இதை நோயாகவோ நன்றிகெட்டதனமாகவோ எண்ண வேண்டாம். தினமும் காலையில் குறித்த நேரத்துக்கு எழுந்து நூலகத்துக்கோ நண்பர் அலுவலகத்துக்கோ போய் விண்ணப்ப வேலையைப் பாருங்கள். வாரக்கணக்கில் தூக்கம் கெட்டு எதிலும் பிடிப்பில்லாமல் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வந்து இறங்கிய வாரமே எதிர்வீட்டுப் பையனின் டாலர் சம்பளத்தைப் பேசாதீர்கள். கல்யாணப் பேச்சையும் மூன்று மாதம் தள்ளிவையுங்கள். கடன் எவ்வளவு பாக்கி, வீட்டால் எத்தனை மாதம் தாங்க முடியும் என்பதை மட்டும் ஒளிக்காமல் உட்கார்ந்து பேசுங்கள்.