சிராப் தண்ணியைப் பார்த்தால் ஏன் வாந்தி வருகிறது?

இந்த மாதப் பாடத்துக்கு 'மனமும் உடலும்' என்று தலைப்பு கொடுத்தார்கள். பதஞ்சலியில் இருந்து ஆரம்பிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இந்த விஷயத்தை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, பெரியம்மாவின் காரில். அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். 3 வாரத்துக்கு ஒரு முறை கீமோ. செமஸ்டர் விடுமுறையில் இருந்ததால் காரோட்டும் வேலை எனக்கு. முதலில் ஏற்றியது டாக்சோரூபிசின் என்ற மருந்து. பார்க்க நல்ல சிவப்பு, அப்படியே சிராப் தண்ணி மாதிரி. மொத்தம் 4 முறை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

முதல் இரண்டு முறையும் மருந்து ஏறிய பிறகு ராத்திரி வாந்தி. அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவது முறை, மருத்துவமனை கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட் எடுக்கக் கண்ணாடியை இறக்கினேன். பெரியம்மா பிளாஸ்டிக் பையை வாயில் வைத்துக்கொண்டார். மருந்து இன்னும் ஒரு சொட்டுகூட ஏறவில்லை! அடுத்த வாரம் ஒரு பிறந்தநாள் விருந்தில் சிராப் ஜாடியைப் பார்த்ததும் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார்.

வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "பயம். மனசைத் தேத்திக்கணும்." நானும் சொன்னேன், ஒத்துக்கொள்கிறேன். அது தப்பு.

இது கோழைத்தனம் இல்லை, கற்றல். பாவ்லோவின் நாய்க் கதை பள்ளியில் படித்திருப்பீர்கள். சாப்பாட்டோடு ஒரு சத்தத்தையும் சேர்த்துச் சேர்த்துக் கொடுத்தால், பிறகு சத்தம் கேட்டாலே நாய்க்கு எச்சில் ஊறும். கீமோவில் குமட்டல் பட்ட உடம்பும் அப்படித்தான். அந்தக் கிருமிநாசினி வாசம், அந்த நாற்காலி, அந்தச் சிவப்பு எல்லாவற்றையும் குமட்டலோடு சேர்த்து மனப்பாடம் பண்ணிவிடுகிறது. இதற்கு மருத்துவத்தில் 'எதிர்பார்ப்புக் குமட்டல்' என்று தனிப் பெயரே இருக்கிறது. எங்கள் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடத்தில் ஃபீட்ஃபார்வர்டு என்று ஒன்று வரும். கோளாறு வருவதற்கு முன்னாலேயே கருவி அதற்குத் தயாராகிவிடும். பெரியம்மாவின் வயிறு செய்தது அதுதான்.

வழக்கமான வாந்தி மாத்திரைகள் இந்த வகைக் குமட்டலை அவ்வளவாகக் கட்டுப்படுத்துவதில்லை. கற்றுக்கொண்டதைத்தான் மாற்றிக் கற்றுக்கொடுக்க வேண்டும். 1982-லேயே காரி மோரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் தன் சகாவோடு சேர்ந்து இதைச் செய்து காட்டினார். முதலில் உடம்பைத் தளர்த்தப் பழக வேண்டும். தளர்ந்த நிலையிலேயே, கீமோவுக்குப் போவதைப் படிப்படியாக மனதில் ஓட்டிப் பார்க்க வேண்டும்: வீட்டு வாசல், கார், லிஃப்ட், நாற்காலி. எங்கே வயிறு புரட்டுகிறதோ அங்கே நிறுத்தி, மறுபடி தளர்ந்து, பிறகு தொடர வேண்டும்.

தளர்த்தும் முறை எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவருடையது, நூறு வருஷப் பழசு. ஒரு தசைக்கூட்டத்தைச் சில வினாடி இறுக்கி, பிறகு சட்டென்று விட்டு, விட்டது எப்படி இருக்கிறது என்று கவனிப்பது. பாதத்தில் ஆரம்பித்து முகம் வரை. பெரியம்மா அறுவை சிகிச்சை நடந்த பக்கத்துக் கையை மட்டும் இறுக்கவில்லை, நர்ஸைக் கேட்டுத்தான் செய்தோம். யோகாசனம் சொல்லிக்கொடுக்க ஆசைப்படுகிறவர்களும் இதைக் கவனிக்கணும். நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலோ ரத்தத் தட்டணுக்கள் குறைந்திருந்தாலோ சில ஆசனங்கள் ஆபத்து. டாக்டரைக் கேட்காமல் யாரையும் வளைக்க வேண்டாம்.

அடுத்தது மூச்சு. 4 வினாடி உள்ளே, 6 வினாடி வெளியே. ஒரு சுற்று 10 வினாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. சாதாரணமாக நாம் 12-க்கு மேல் விடுகிறோம். மெதுவாக, நீளமாக வெளியே விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத் துடிப்பு இறங்கும். 2001-ல் லூச்சியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய மருத்துவரின் குழு 23 பேரை வைத்து அளந்தது. 'ஓம் மணி பத்மே ஹும்' மந்திரத்தைச் சொன்னபோதும், கத்தோலிக்க ஜெபமாலை சொன்னபோதும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகிவிட்டது. அவர்கள் ஆரோக்கியமானவர்கள், நோயாளிகள் இல்லை. அதற்கு மேல் அந்த ஆய்வை இழுக்கக்கூடாது. ஆனால் பெரியம்மாவிடம் "கண்ணை மூடி 4 எண்ணுங்க" என்றால் சிரிப்பார். "ஓம் சரவணபவ ஒரு மூச்சுக்கு ஒரு தடவை, மெதுவா" என்றால் உட்கார்ந்துவிடுவார்.

இந்தப் பயிற்சிகளுக்கு நடுவில்தான் வேறு பிரச்சினை வந்தது. கோவிலில் தெரிந்த ஒருவர், "கீமோ விஷம். நிறுத்திட்டு 48 நாள் தியானமும் மூலிகையும் எடுங்க, மனசு வெச்சா கேன்சர் ஓடிடும்" என்றார். பெரியம்மா வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டது இது: "அப்ப எனக்கு வந்தது, நான் சரியா வேண்டிக்காததாலயாப்பா?"

என்ன பதில் சொல்வீர்கள்? எனக்கு வாய் வரவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன்.

1989-ல் டேவிட் ஸ்பீகல் என்ற மனநல மருத்துவர், பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள 86 பெண்களைப் பற்றி எழுதினார். குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசியவர்கள் சராசரியாக இரட்டிப்புக் காலம் வாழ்ந்தார்கள் என்றது அந்த ஆய்வு. 'மனசு வெச்சா' கட்சிக்குப் பெரிய ஆதாரம். ஆனால் 2001-ல் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தபோது ஆயுள் கூடவில்லை. 2007-ல் ஸ்பீகலே மறுபடி செய்தார், மொத்தத்தில் அவருக்கும் கூடவில்லை. அதையும் அவரே வெளியிட்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. ஆனால் கனடாவில் குழுவில் இருந்தவர்களுக்கு மனவேதனையும் வலியும் குறைந்தன. அது சின்ன விஷயமா?

சிகிச்சையை விட்டவர்களின் கதை வேறு. குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பியவர்கள் இறக்கும் அபாயம் 2.5 மடங்கு என்று 2018-ல் யேல் பல்கலைக்கழகத்தார் எழுதினார்கள். மார்பகப் புற்றுநோயில் அது இன்னும் அதிகம். சிகிச்சையோடு சேர்த்துச் செய்வதை மருத்துவர்களே ஆதரிக்கிறார்கள். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கங்களின் 2023 வழிகாட்டுதல், பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் மனக்கவனப் பயிற்சியைச் சிபாரிசு செய்கிறது.

காலையில் பெரியம்மாவிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "இல்ல பெரியம்மா, வேண்டினது போதாம வரல. வேண்டுறது உங்களுக்கு, மருந்து கட்டிக்கு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நாலாவதுக்குப் போவோம்" என்றார்.

டாக்டரிடம் கார் நிறுத்துமிட விஷயத்தைச் சொன்னோம். அதுவரை வெட்கப்பட்டுச் சொல்லவே இல்லை! அவர் முந்தின ராத்திரிக்கும் காலைக்கும் ஒரு மாத்திரை சேர்த்துக் கொடுத்தார். நாங்கள் 10 நிமிடம் காரிலேயே உட்கார்ந்து மூச்சும் மந்திரமுமாக இருந்துவிட்டு இறங்கினோம். குமட்டல் வந்தது, வாந்தி வரவில்லை. மாத்திரையா, மந்திரமா? சொல்ல முடியாது. லேப்பில் ஒரே நேரத்தில் இரண்டு மாறிகளை மாற்றினால் மார்க் போய்விடும், தெரியும். பெரியம்மாவுக்கு மார்க் முக்கியமில்லை. ராத்திரி வழக்கம்போல் இரண்டு தடவை வாந்தி எடுத்தார்.

அடுத்து வந்த மருந்துக்கு நிறமே இல்லை, தண்ணீர் மாதிரி. தீபாவளித் திறந்த இல்லத்துக்கு வந்தவர், மேசையில் இருந்த சிராப் ஜாடியைச் சத்தமில்லாமல் என் பக்கம் நகர்த்திவிட்டு, "ஹன்ட்ரட் பிளஸ் இருக்காப்பா?" என்று கேட்டார்.