சூடேறி அணையும் லேப்டாப்: மதர்போர்டை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காக 4 ஆண்டுகளுக்கு முன் வாங்கிய லேப்டாப், இப்போது கை வைக்க முடியாத அளவுக்குச் சுடுகிறது. ஃபேன் ஓயாமல் இரைகிறது. ஆன்லைன் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போதே சட்டென்று அணைந்துவிடுகிறது. மதர்போர்டு போய்விட்டது, மாற்றியாக வேண்டும் என்கிறார் சர்வீஸ் கடைக்காரர். கூலிங் பேட் வாங்கினாலே போதும் என்கிறார் தம்பி. யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகி ஒருவர், வேலூர்

பதில்: இப்போதைக்கு இரண்டுக்குமே பணம் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால், மதர்போர்டு கெட்டிருக்கும் என்று அவ்வளவு சீக்கிரம் முடிவுகட்ட முடியாது. பெரும்பாலான லேப்டாப்களில் பிராசஸரின் சூடு 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அப்போதும் தணியாவிட்டால், எரிந்துபோகாமல் தப்பிக்க இயந்திரத்தையே அணைத்துவிடும். அணைந்ததும் அரைமணி நேரம் ஆறவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். ஒழுங்காக ஓடி, சூடேறிய பிறகே திரும்ப அணைந்தால் கோளாறு சூட்டில்தான். ஆறிய நிலையிலும் அணைந்தால் பேட்டரி, சார்ஜர், போர்டு என்று தேடலாம்.

அடுத்து, சூடு அளவுக்கு மீறி உண்டாகிறதா, உண்டான சூடு வெளியே போக வழியில்லையா என்று பார்க்க வேண்டும். விண்டோஸ் லேப்டாப் என்றால் எல்லாவற்றையும் மூடிவிட்டு, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் விட்டுவிட்டு ‘சிபியு’ என்ற இடத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 40, 50 சதவீதம் காட்டினால் பின்னணியில் ஏதோ ஓடுகிறது. அந்தத் தலைப்பைச் சொடுக்கினால், அதிகம் இழுப்பது எதுவோ அது மேலே வந்து நிற்கும். பிரவுசரோ, ஆன்டிவைரஸ் ஸ்கேனோ, விண்டோஸ் அப்டேட்டோ இருக்கலாம். அப்டேட் என்றால் முடியட்டும் என்று விட்டுவிடுங்கள். பெயர் தெரியாத ஒன்று தினமும் இழுத்தால் வைரஸ் ஸ்கேன் அவசியம்.

சிபியு 5 சதவீதத்தில் கிடக்க, ஃபேன் மட்டும் இரைகிறதா? அப்படியானால் தூசுதான். 4 வருட லேப்டாப்பில் நான் முதலில் சந்தேகப்படுவதும் இதைத்தான். பிராசஸரின் சூட்டைச் செம்புக் குழாய்கள் ஓரத்துக்குக் கொண்டுவருகின்றன. அங்கே சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக மெல்லிய தகடுகள் இருக்கும். ஃபேன் அவற்றின் ஊடாகக் காற்றை வெளியே தள்ளுகிறது. ஃபேனுக்கும் அந்தத் தகடுகளுக்கும் நடுவே தூசு, தலைமுடி, நூல் பிசிறு எல்லாம் சேர்ந்து தடித்துவிடும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே பட்டையாக உரிந்து வரும். வெளித் துவாரத்தைப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. அந்தத் துவாரத்தில் ப்ளோயர் வைத்து ஊதினால் தூசு மறுபடி உள்ளேதான் போகும். அடிமூடியைக் கழற்றி, ஃபேன் சுழலாதபடி பிடித்துக்கொண்டு சுத்தம் செய்ய வேண்டும். அப்படியே பிராசஸர் மேல் காய்ந்துபோயிருக்கும் தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றச் சொல்லுங்கள். பழையதை முழுக்கத் துடைத்தெடுத்த பிறகே புதியதைப் பூச வேண்டும். முடிந்தால் பக்கத்திலேயே நின்று பாருங்கள். மதர்போர்டு விலையோடு பார்த்தால் இந்தச் செலவு மிகச் சொற்பம்.

உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும்போது கூலிங் பேட் பெரிதாக எதுவும் செய்துவிடாது. சுத்தம் செய்த பிறகு ஓரளவு உதவும். அதற்கும் முன்னால், மகள் லேப்டாப்பை மெத்தையில் வைத்துப் படிக்கிறாளா என்று கவனியுங்கள். பல லேப்டாப்கள் அடிப்பக்கமாகத்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தை விரிப்பு அந்த வழியை அடைத்துவிடும். அடியில் ஒரு பலகை வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஃபேன் அறைக் காற்றைத்தான் இழுக்கும். பல லேப்டாப்களுக்கு 35 டிகிரி வரையுள்ள அறையே உகந்தது என்று தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மே மாத மதியத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை அதை எளிதாகத் தாண்டிவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் விண்டோஸ் செட்டிங்ஸில் பவர் மோடை ‘பெஸ்ட் பவர் எஃபிஷியன்சி’க்கு மாற்றுங்கள். வேகம் கொஞ்சம் குறையும், வகுப்பு கேட்க அது போதும்.

இவை எல்லாவற்றையும்விட அவசரமானது ஒன்று இருக்கிறது. இன்றைக்கே லேப்டாப்பைச் சமதளமான மேசையில் வைத்துப் பாருங்கள். ஆடுகிறதா, டச்பேட் மேலே எழும்பியிருக்கிறதா, மூடி சரியாகப் பொருந்தவில்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். அழுத்துவதோ குத்திப் பார்ப்பதோ கூடவே கூடாது, தீப்பிடிக்கும். சர்வீஸ் சென்டரில் பேட்டரியை மாற்றிய பிறகே மகள் அதைத் தொடட்டும். கழற்றிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாமல் அவர்களிடமே ஒப்படைத்துவிடுங்கள்.