வேதனையும் பழவினையும்

தமிழில் வேதனை என்றால் நோவு. பாலி மொழியிலோ அச்சொல் இன்பம், துன்பம், இரண்டுமற்றது என்னும் மூவகை நுகர்ச்சியையும் குறிக்கும். சம்யுத்த நிகாயத்தில் வேதனைக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதிலுள்ள மோளியசீவக சூத்திரமே இன்றைய பாடம்.

மனிதன் நுகர்வதெல்லாம் முன்செய்த வினையின் பயனே என்று சிலர் கூறுகின்றனரே, அது சரியோ எனச் சீவகன் என்னும் பரிவிராசகன் வினவினான். ததாகதர் அதனை மறுத்தார். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கூட்டு, பருவ மாறுதல், உடலைப் பேணாமை, பிறர் தாக்குதல் ஆகியவற்றாலும் வேதனை உண்டாகும். வினைப்பயன் எட்டாவதே என்றார்.

இதைப் படித்திருந்தும் நான் பிழை செய்தேன். நம் கூட்டத்து உபாசிகை ஒருவருக்குப் பல்லாண்டுகளாக இடுப்பிலும் தோளிலும் நோவு. படமெடுத்துப் பார்த்ததில் குறையொன்றும் இல்லை. வீட்டார் பாசாங்கு என்றனர். நானோ, "பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா, பழவினை" என்றேன். அவர் சிறுவயதிலேயே தாயை இழந்து, பிறர் வீட்டில் அடியுண்டு வளர்ந்தவர் என்பதைப் பின்னரே அறிந்தேன். தீண்டாமையே நம் பழவினை என்று கற்பித்தவர்களின் சொல்லை, தீட்சை பெற்ற என் வாயே திரும்பச் சொல்லிற்று.

பிரிட்டனில் 1958-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரே வாரத்திற் பிறந்த குழந்தைகளை ஆராய்ச்சியாளர் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து கவனித்தனர். சிறுவயதில் தாயை இழந்தோரும், விடுதிகளில் வளர்ந்தோரும், வறுமையில் வாடினோரும் 45-ஆம் வயதில் உடலெங்கும் பரவிய நீங்கா நோவுக்கு மற்றவரினும் மிகுதியாக ஆளாகியிருந்தனர் என 2009-இல் வெளியிட்டனர். அத்தகையோர் எல்லோரும் நோயுற்றனர் என்பதன்று.

ஓயாத அச்சத்தில் வளரும் குழந்தையின் மூளையில், ஆபத்தை உணர்த்தும் அமிக்டலா என்னும் பகுதி எளிதிற் கிளர்ந்தெழப் பழகிவிடக்கூடும். அதனை அடக்கும் நெற்றிப்புற மூளையின் பிடி தளரக்கூடும். கார்ட்டிசால் என்னும் சுரப்பின் ஒழுங்கும் மாறக்கூடும். இவ்வாறு பழகிய மூளை வளர்ந்த பின்னும் சிறு தூண்டலைப் பெரும் நோவாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

பஞ்சாலையில் தறி ஓட்டியவர்க்கு இது எளிதில் விளங்கும். பாவு நூல் அறுந்தால் தறியைத் தானே நிறுத்தும் கருவி ஒன்று உண்டு. அது பழுதுபட்டால் நூல் அறாமலே தறி நிற்கும். தறி நின்றது மெய். அறுந்த நூலைத் தேடுவதுதான் வீண்.

அடிபடுவதும் பட்டினியும் மட்டுமல்ல, இழிவும் குழந்தையைத் தாக்கும். பள்ளியில் கோணிமீது தனியே அமர்ந்ததையும், தண்ணீர் வார்க்கச் சேவகன் வராத நாளில் தாகத்தோடு இருந்ததையும் பாபாசாகேப் அம்பேத்கர் பின்னாளில் மறவாது எழுதி வைத்தார். நம்மில் எத்தனை பேர் அத்தகையவற்றை யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிறோம்!

அவ்வம்மையாரிடம் மன்னிப்புக் கேட்டேன். நோவு மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் அழைத்துச் சென்றோம். தியானம் மருத்துவத்துக்கு மாற்று அன்று. கண்மூடி அமர்ந்தால் சிலருக்குப் பழைய அச்சமே எழும். அவர்கள் கண் திறந்தபடி மெல்ல நடந்து, பாதம் நிலத்திற் படுவதை மட்டும் கவனித்துத் தொடங்கலாம். அம்மையாரும் அப்படித்தான் தொடங்கினார். நோவு முற்றும் நீங்கவில்லை; இரவில் சற்று உறங்குகிறார்.